சிஎன்சி கூலன்ட் டேங்குக்கு பெல்ட் ஆயில் ஸ்கிம்மர்: பதினான்கு மாதம் ஓட்டிப் பார்த்தபின் எழுதுகிறேன்

திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வரும் அந்த நாற்றத்தைப் பற்றி சிஎன்சி (கணினி வழி உலோகம் வெட்டும் மெஷின்) பட்டறை வைத்திருக்கும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அழுகிய முட்டை வாடை. சனிக்கிழமை இரவு மெஷினை நிறுத்தி ஞாயிறு முழுக்கப் பூட்டிக் கிடந்தபின், திங்களன்று முதல் ஆளாக உள்ளே போகிறவர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் திரும்பப் போவார். எங்கள் பட்டறையில் ஆறேழு வருஷமாக இதுதான் வழக்கம். சோப் ஆயில் (தண்ணீரில் கலந்தால் டூலைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆகும் எண்ணெய்) என்றால் நாறத்தான் செய்யும் என்று நாங்களும் பழகிப்போயிருந்தோம்.

எங்களுடையது கோவை கணபதி பக்கம் ஒரு சின்ன ஜாப் ஒர்க் பட்டறை. ஐந்து டர்னிங் சென்டர் (பாகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்), இரண்டு விஎம்சி (சுழலும் டூல் மேலிருந்து இறங்கி வெட்டும் மெஷின்). பம்ப் பாகங்கள்தான் பெரும்பாலும் ஓடும், வார்ப்பிரும்பும் ஷாஃப்ட் வேலையும். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து இரவு பன்னிரண்டு வரை இரண்டு ஷிஃப்ட். இந்த விவரத்தை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது, ஸ்கிம்மர் (டேங்கின் மேல் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கும் கருவி) வேலை செய்வதும் செய்யாததும் உங்கள் ஷிஃப்ட் நேரத்தைப் பொறுத்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஸ்கிம்மரை வாங்க வைத்தது நாற்றம் இல்லை, கை. செகண்ட் ஷிஃப்டில் இருக்கும் ஒரு தம்பிக்கு விரல் இடுக்குகளில் தோல் சிவந்து வெடித்துக்கொண்டே இருந்தது. ஆயின்மென்ட் போட்டால் ஞாயிறு வரை ஆறும், புதன்கிழமை மறுபடி வந்துவிடும். "சோப் ஆயில்ல கை வெச்சாலே எரியுதுங்கண்ணா" என்றான். தோல் டாக்டரிடம் அனுப்பினேன். அவர் மருந்து எழுதும் முன்பே என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டு, அந்தத் தண்ணீரைச் சரி செய்யாமல் கை சரியாகாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்றைக்குத்தான் டேங்க் மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து, உள்ளே என்னதான் இருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தேன். மேலே பழுப்பு நிறத்தில், கருப்புப் புள்ளிகளோடு, ஒரு போர்வை. குச்சியால் விலக்கினால் கீழே சாம்பல் நிறத்தில் கூலன்ட் தெரிந்தது, குச்சியை எடுத்ததும் போர்வை திரும்ப மூடிக்கொண்டது. அவன் தினமும் கை விட்டுக்கொண்டிருந்தது இதில்தான்.

அந்தப் போர்வை எங்கிருந்து வருகிறது என்று பலரும் கேட்பார்கள். மெஷினிலிருந்தேதான். ஸ்லைடுக்குப் போடும் 68 நம்பர் வே ஆயிலை லூப்ரிகேட்டர் சில நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தித் தள்ளுகிறது. போன எண்ணெய் திரும்பி வருவதற்குக் குழாயே கிடையாது. ஸ்லைடில் வேலையை முடித்துவிட்டு வழிந்து நேராகக் கூலன்ட் டேங்குக்கு வருகிறது. எங்கள் டர்னிங் மெஷினில் இரண்டு லிட்டர் லூப் டேங்க் நான்கு நாளைக்கு ஒரு முறை காலியாகும். அப்படியென்றால் நாளுக்கு அரை லிட்டர், 26 வேலை நாளுக்கு 13 லிட்டர். ஒரு மாதத்தில் 180 லிட்டர் டேங்குக்குள் 13 லிட்டர் எண்ணெயை நாமே ஊற்றுகிறோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் சக்கில் ஒரு சீல் போனால் அந்த எண்ணெயும் இதில் சேரும். இப்படி வெளியிலிருந்து வந்து சேரும் எண்ணெயைத்தான் ட்ராம்ப் ஆயில் என்கிறார்கள்.

எண்ணெய் தண்ணீரை விட லேசு, அதனால் மேலே மிதக்கிறது. மிதந்தால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்டால், மெஷின் ஓடாத நேரத்தில் அது மூடி போல உட்கார்ந்துகொண்டு காற்று உள்ளே போகாமல் தடுத்துவிடுகிறது. காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாவுக்கு அதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. அதுகள் விடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த முட்டை நாற்றம். கூடவே பி.எச். இறங்குகிறது, கூலன்ட் உடைகிறது (கலந்த எண்ணெயும் தண்ணீரும் பிரிகிறது), ஜாபில், அதாவது வெட்டும் பாகத்தில், துரு வருகிறது, சூடான டூலில் எண்ணெய் பட்டுப் புகை கிளம்புகிறது.

ஸ்கிம்மருக்கு முன்னால் எல்லாம் செய்து பார்த்தோம். மக்கு வைத்து அள்ளினோம், பஞ்சு வேஸ்ட் போட்டு உறிஞ்ச விட்டோம், மீன் தொட்டிக்கு வைக்கும் ஏர் பம்பை வாங்கி ஞாயிற்றுக்கிழமை குமிழி விட்டோம். ஏர் பம்ப் நாற்றத்தைக் குறைத்தது உண்மை, ஆனால் எண்ணெய் அங்கேயேதான் இருந்தது. மக்கில் அள்ளினால் எண்ணெயை விடக் கூலன்ட்தான் அதிகம் வரும். பஞ்சு சிதறி கூலன்ட் பம்ப் ஃபில்டரை அடைத்த அனுபவமும் உண்டு.

பிறகு ஒரு டிஸ்க் ஸ்கிம்மர் வாங்கினேன். விலை குறைவு, சின்னதாக அழகாக இருந்தது. அது எங்கள் டேங்குக்குச் சரிப்படவில்லை. வட்டத் தட்டு எண்ணெயில் முங்கிச் சுற்ற வேண்டும், ஆனால் மையத்துக்கு மேல் முங்க முடியாது, அங்கே ஷாஃப்ட் இருக்கிறது. அதனால் மட்டம் ஏழெட்டு சென்டிமீட்டர் இறங்கினாலே தட்டு காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும். கோடையில் எங்கள் டேங்கில் ஆவியாகியும் ஜாபோடு போயும் மட்டம் தினமும் இறங்கும். ஆபரேட்டர் தண்ணீர் ஊற்றிய நாளில் வேலை செய்யும், ஊற்றாத நாளில் சும்மா சுற்றும். மட்டம் மாறாத டேங்க் உள்ளவர்களுக்கு டிஸ்க் போதும், அதைக் குறை சொல்லவில்லை. எங்களுக்கு ஆகவில்லை.

அப்புறம்தான் பெல்ட் வகை. நான் வாங்கியது இங்கேயே உள்ளூரில் செய்யும் ஒரு சின்ன தயாரிப்பாளரிடம். பெயர் போடவில்லை, ஏனென்றால் இதே டிசைனை இன்னும் பலர் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். நான் சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் இந்த வகைக்கே பொருந்தும். இரண்டு இன்ச் அகல பெல்ட், மூடியிலிருந்து 300 மில்லிமீட்டர் கீழே தொங்கும், கீழ் முனையில் எடையோடு ஒரு சின்ன உருளை, மேலே 40 வாட் கியர் மோட்டார், பெல்ட்டின் இரண்டு பக்கமும் வழித்து எடுக்க வைப்பர், வழித்தது விழ ஒரு தொட்டி, அதிலிருந்து ஒரு ஹோஸ். டேங்கின் விளிம்பில் மேக்னெட்டால் ஒட்டிக்கொள்ளும். விலை 16,800, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 19,824 ரூபாய். முதலில் ஒன்றை ஒரு வாரம் ட்ரையலுக்குக் கேட்டேன், மறுக்காமல் கொடுத்தார். ட்ரையல் தர மாட்டேன் என்பவரிடம் இதை வாங்காதீர்கள், ஏனென்றால் உங்கள் டேங்கின் வாய் அகலம், பம்ப் இருக்கும் இடம், சிப் கன்வேயர் முட்டுகிறதா இல்லையா, இதெல்லாம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மாட்டிய முதல் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெல்ட் மெதுவாகத்தான் போகிறது, அவசரமே இல்லை. இறங்கும் பக்கம் எண்ணெய்ப் போர்வையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகிறது, ஏறும் பக்கம் பழுப்புத் தேன் பூசியது போலக் கனமாக ஒட்டிக்கொண்டு மேலே வருகிறது. வைப்பரில் வந்து மோதியதும் அந்தத் தேன் சுருண்டு, ஓரமாக ஒதுங்கி, தொட்டியில் சொத்தென்று விழுகிறது. பெல்ட்டைச் சுற்றிப் பார்த்தால் போர்வை தானாகவே அதை நோக்கி நகர்ந்து வருவது தெரியும், டேங்கின் தூர மூலையில் கிடந்த மரத்தூள் ஒன்று அரை மணி நேரத்தில் பெல்ட் அருகே வந்து சேர்ந்தது. ஒரு மணி நேரத்தில் கேனில் சுமார் இரண்டு லிட்டர். இரண்டாவது மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கும் குறைவு, அதிலும் நிறம் மாறிவிட்டது, தேன் நிறம் போய் மோர் நிறம். மோர் நிறம் வந்தால் எண்ணெய் தீர்ந்துவிட்டது, இனி வருவது நம் கூலன்ட்தான் என்று அர்த்தம். மூடியைத் தூக்கிப் பார்த்தேன், அத்தனை வருஷத்தில் அந்த டேங்கில் கூலன்ட்டின் மேற்பரப்பை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நோட்டீஸில் மணிக்கு ஐந்து லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள். அது கனமான எண்ணெய் வண்டி வண்டியாக இருக்கும் டேங்கில் எடுக்கும் கணக்கு. நம் டேங்கில் ஐந்து மில்லிமீட்டர் கனத்துக்குப் போர்வை இருந்தால், ஒன்றேகால் மீட்டருக்கு அரை மீட்டர் பரப்பில் மொத்தமே மூன்று லிட்டர்தான் இருக்கும். ஐந்து லிட்டர் எங்கிருந்து வரும்? ஆகவே அந்த ஐந்து லிட்டர் கணக்கை வைத்து இரண்டு கம்பெனியை ஒப்பிட வேண்டாம். பத்து லிட்டர் எடுக்கும் பெரிய மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்கவும் வேண்டாம், ஒரு டர்னிங் மெஷினுக்குச் சின்னதே தாராளம்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். வாங்கிய முதல் வாரம் விற்றவர் சொன்னபடி நாள் முழுக்க ஓட விட்டோம். பெரிய பலன் இல்லை, கேனில் கூலன்ட்தான் நிறைந்தது. காரணம் இதுதான்: மெஷின் ஓடும்போது பம்ப் எல்லாவற்றையும் கலக்கிக்கொண்டே இருக்கிறது, எண்ணெய் பொடிப்பொடித் துளியாக உடைந்து கூலன்ட்டுக்குள் சுற்றுகிறது, மேலே வரவே நேரம் கிடைப்பதில்லை. துளியின் விட்டம் பாதியானால் அது மேலே ஏறும் வேகம் கால்வாசி ஆகிவிடும், அது ஸ்டோக்ஸ் விதி. பெரிய துளி நிமிடத்தில் வந்துவிடும், பொடித் துளிக்கு மணிக்கணக்கு வேண்டும். அதனால் மெஷின் நின்று ஐந்தாறு மணி நேரம் டேங்க் அசையாமல் கிடந்தபிறகு ஓட்டுவதுதான் பலன். ஒரு டயல் டைமர் வாங்கி மாட்டினேன், சில நூறு ரூபாய்தான். இரவு பன்னிரண்டுக்கு மெஷின் நிற்கிறது, காலை ஆறுக்கு டைமர் ஸ்கிம்மரை ஆன் செய்கிறது, ஏழரைக்கு ஆஃப். அந்த ஒன்றரை மணி நேரத்தில் தினமும் 300 முதல் 350 மில்லிலிட்டர் எண்ணெய் வருகிறது. நாளுக்கு விழும் அரை லிட்டரில் மீதி சிப்ஸோடும் ஜாபோடும் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்கிம்மருக்கு இருபதாயிரம் கொடுத்து டைமர் போடாமல் விட்டால் அந்தக் காசில் பாதி வீண். இதை விற்பவர்களே ஏன் சேர்த்துத் தருவதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

மூன்று ஷிஃப்டும் ஓடும் பட்டறைக்கு இந்த வழி சரிப்படாது. அவர்களுக்கு ஓய்வு நேரமே இல்லை. அங்கே கூலன்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, ஒரு தனி டப்பாவில் அசையாமல் நிற்க வைத்து, பொடித் துளிகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாக்கும் கோலெசர் மாதிரியான யூனிட்தான் வேண்டும். விலை பல மடங்கு. ஆனால் தேவை அது என்றால் பெல்ட்டை வாங்கி ஏமாற வேண்டாம்.

வாங்கும் முன் ஒரு காசு செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, இதை நான் வாங்கியபிறகுதான் தெரிந்துகொண்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நாசிலிலிருந்து வரும் கூலன்ட்டை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முக்கால் அளவு பிடித்து, மூடி, ஜன்னல் ஓரமாக அசைக்காமல் இரவு முழுக்க வையுங்கள். காலையில் மேலே தெளிவாக, கோடு போட்டது போலப் பழுப்பு எண்ணெய் பிரிந்து நின்றால் ஸ்கிம்மர் உங்களுக்கு வேலை செய்யும். கோடு இல்லாமல், மேலே பாலாடை போலத் தடித்த வெள்ளை மட்டும் நின்றால், எண்ணெய் கூலன்ட்டோடு கரைந்துபோய்விட்டது, எந்தப் பெல்ட்டாலும் அதைப் பிரிக்க முடியாது.

எங்கள் பட்டறையிலேயே இரண்டும் நடந்தது. முதல் மெஷினில் அவ்வளவு அழகாக வந்ததைப் பார்த்து அடுத்த மாதமே இன்னொன்று வாங்கி நான்காவது மெஷினில் மாட்டினேன். அங்கே ஒன்றும் வரவில்லை, மோர்தான் வந்தது. பாட்டில் வைத்துப் பார்த்தால் பாலாடை. விசாரித்தபோது, அந்த மெஷினில் மட்டும் யாரோ வே ஆயிலுக்குப் பதில் கையில் கிடைத்த வேறு எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தது தெரியவந்தது. சில எண்ணெய்களில் அழுக்கைப் பிடித்துவைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள், அது தண்ணீரோடு சேர்ந்தால் பிரியாது. கூலன்ட்டிலும் அப்படித்தான், சில வகை வந்த எண்ணெயையெல்லாம் விழுங்கி வைத்துக்கொள்ளும், வேறு சில வகை வெளியே தள்ளிவிடும். தண்ணீரிலிருந்து சீக்கிரம் பிரியும் வே ஆயில் என்று கேட்டு வாங்கி, டேங்கைக் கழுவி, புதுக் கூலன்ட் போட்ட பிறகு அதே ஸ்கிம்மர் அங்கேயும் தேன் எடுக்க ஆரம்பித்தது. ஸ்கிம்மர் விற்ற யாரும் என்னிடம் என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குறைகளைச் சொல்கிறேன். முதல் குறை வைப்பர். எங்களுக்கு வார்ப்பிரும்பு வேலை அதிகம், அதன் பொடி எண்ணெயோடு சேர்ந்து கருப்புச் சேறாகி, உப்புத்தாள் போல வைப்பரைத் தேய்க்கிறது. நான்காவது மாதம் வைப்பரைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தபோது நடுவில் பள்ளம் விழுந்திருந்தது, அந்தப் பள்ளத்தின் வழியாக எண்ணெய் ஒரு ரிப்பன் போலத் திரும்ப டேங்குக்கே போய்க்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை, கேனில் அளவு குறைந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். மாற்று வைப்பர் ஒரு ஜோடி 350 ரூபாய். இப்போது சனிக்கிழமை துடைக்கும் வேலையில் அதையும் சேர்த்துவிட்டோம், ஆறு மாதமாக அதே வைப்பர் ஓடுகிறது. வாங்கும்போதே இரண்டு ஜோடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குறை பெரியது. ஏழாவது மாதம் ஒரு மெஷினில் ஸ்டீல் பெல்ட் ஜாயின்ட்டில் வெடித்தது. வெல்டு வைத்த இடத்தில் முடி போல ஒரு கோடு, இரண்டு நாளில் பாதி அகலம் வரை போய்விட்டது. வாரன்டியில்தான் இருந்தது. போன் செய்தால் "நாளைக்கு ஆள் வர்றாருங்க" என்ற பதில்தான், ஆள் வந்தது ஒன்பதாவது நாள். பெல்ட்டை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள், அதில் தகராறு செய்யவில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளில் போர்வை திரும்ப வந்து, அடுத்த திங்கள் நாற்றமும் வந்துவிட்டது. பத்து கிலோமீட்டர் தூரத்தில் கடை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் எடுப்பது சரியில்லை, அவரிடமே இதைச் சொன்னேன். இப்போது ஒரு ஸ்பேர் பெல்ட் அலமாரியில் இருக்கிறது.

மோட்டாருக்கு மூடி இல்லாமல் தருகிறார்கள், இதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கூலன்ட் தெறிக்கும் இடம், சுற்றிலும் ஈரம், அதில் திறந்த டெர்மினலோடு ஒரு மோட்டார். நான் ஷீட்டில் ஒரு மூடி அடித்துப் போட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்து, பிளக்கைத் தரையிலிருந்து ஆளுயரத்துக்குத் தூக்கி மாட்டினேன். 300 ரூபாய் ஷீட்டுக்காக ஒருவன் ஷாக் வாங்கக் கூடாது.

விஎம்சியில் அலுமினியம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெல்லிய அலுமினியப் பொடி எண்ணெயோடு சேர்ந்து மிதக்கும், அது பெல்ட்டுக்கும் கீழ் உருளைக்கும் நடுவில் போய் மாட்டிக்கொள்கிறது. பெல்ட் ஒரு பக்கமாக நகர்ந்து ஃப்ரேமில் உரச ஆரம்பிக்கும், அந்தக் கிறீச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கீழ் முனையைச் சுற்றி வலைக் கம்பியால் ஒரு கூண்டு செய்து வைத்துவிடுங்கள். வலை மிகவும் நெருக்கமாக இருந்தால் எண்ணெயே உள்ளே வராது, கொசுவலை அளவு வேண்டாம், அதைவிடப் பெரிய கண்ணாக வையுங்கள்.

ஸ்டீல் பெல்ட்டா பிளாஸ்டிக் பெல்ட்டா என்று கேட்பார்கள். எங்களைப் போல சாதாரண கூலன்ட் டேங்குக்கு இரண்டுமே ஓடும். பக்கத்துப் பட்டறையில் பாகங்களைக் கழுவும் வாஷிங் மெஷினுக்கு, காரம் கலந்த சுடு தண்ணீர், அறுபது டிகிரிக்குப் பக்கம், பாலியூரித்தேன் பெல்ட் போட்டிருந்தார்கள். சில மாதத்தில் பெல்ட் கொழகொழத்து நீண்டு, உருளையில் வழுக்க ஆரம்பித்துவிட்டது. சூடும் காரமும் சேர்ந்தால் அந்தப் பொருள் தாங்காது. வாஷிங் டேங்க், பிளேட்டிங்குக்கு முன்னால் கிரீஸ் எடுக்கும் டேங்க் இரண்டுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெல்ட் என்று எழுதி வாங்குங்கள்.

பெல்ட் கொஞ்சம் கூலன்ட்டையும் சேர்த்துத் தூக்கத்தான் செய்யும். வெறும் தண்ணீராக இருந்தால் எண்ணெய் மட்டும் அழகாக ஒட்டும், ஆனால் கூலன்ட்டிலேயே சோப்பு குணம் இருப்பதால் அதுவும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. இதற்குத் தயாரிப்பாளரிடமே ஒரு டிகேன்டர் டப்பா இருக்கிறது, 2,200 ரூபாய் தனி. நடுவில் ஒரு தடுப்பு வைத்த டப்பா அது, எண்ணெய் மேலே நின்று மேல் குழாய் வழியாகக் கேனுக்குப் போகிறது, கூலன்ட் தடுப்புக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் ஏறி டேங்குக்கே திரும்புகிறது. ஓடும் பாகம் எதுவும் இல்லை, கெட்டுப்போகவும் ஒன்றும் இல்லை. இரண்டு மெஷினுக்கும் வாங்கிவிட்டேன். அது இல்லாத முதல் இரண்டு மாதம், கேனை ஒரு நாள் நிற்க வைத்து அடியில் குழாய் போட்டு கூலன்ட்டைத் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தோம். அப்படிச் செய்தால் அன்றைக்கே ஊற்றிவிடுங்கள், நாலு நாள் கேனில் கிடந்த கூலன்ட்டைத் திரும்ப ஊற்றுவது டேங்குக்குள் கிருமியை ஊற்றுவதுதான்.

எடுத்த எண்ணெயை என்ன செய்வது? இதில் நான் கறாராக இருக்கிறேன். மாதம் பதினைந்து லிட்டருக்கு மேல் சேர்கிறது. சென்ட்ரிங் பலகைக்குப் பூச வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு, காசும் தருவார்கள். கொடுப்பதில்லை. 2016-ன் அபாயகரக் கழிவு விதிகளின்படி இது கழிவு எண்ணெய், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள மறுசுழற்சியாளருக்குத்தான், மேனிஃபெஸ்ட் படிவத்தோடு (கழிவு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற பதிவு), கொடுக்க வேண்டும், 90 நாளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. சாக்கடையில் ஒரு கேன் சாய்ப்பது ஒரு நிமிட வேலை, யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சாக்கடை கடைசியில் போய்ச் சேரும் குளமும் நொய்யலும் நம்முடையவை, அவை ஏற்கெனவே பட்டது போதும். மூடி போட்ட டிரம், கான்கிரீட் தரை, மேலே லேபிள், அவ்வளவுதான் வேலை.

பலன் என்று பார்த்தால், முன்பு பத்து வாரத்துக்கு ஒரு முறை கூலன்ட்டைக் கொட்டி மாற்றிக்கொண்டிருந்தோம். இப்போது முதல் மெஷினில் ஏழு மாதமாக அதே கூலன்ட், தினமும் குறைந்ததை மட்டும் ஊற்றுகிறோம். 180 லிட்டருக்கு 6 சதவீதக் கலவை என்றால் கிட்டத்தட்ட 11 லிட்டர் சோப் ஆயில், நாங்கள் வாங்கும் விலையில் மூவாயிரம் ரூபாய். வருஷத்துக்கு ஐந்து முறை மாற்றியது இரண்டாகக் குறைந்தால் மிச்சம் ஒன்பதாயிரம். அதை மட்டும் பார்த்தால் போட்ட காசு திரும்ப இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு முறையும் டேங்கை இறக்கிக் கழுவ அரை ஷிஃப்ட் மெஷின் நிற்கும், அதையும் சேர்த்தால் ஒன்றரை வருஷத்துக்குள் வந்துவிடும். மூன்று மாதத்தில் காசு திரும்பிவிடும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள், ஒரு மெஷினுக்கு அப்படி வராது.

காசில் வராத மாற்றங்களும் இருக்கின்றன. கூலன்ட் எத்தனை சதவீதக் கலவை என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் முன்பு கோடு மங்கலாக, நீலமும் வெள்ளையும் குழம்பிக் கிடக்கும், ஐந்தா எட்டா என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எண்ணெய் கலந்திருந்தால் அப்படித்தான் தெரியும். இப்போது கத்தியால் வெட்டியது போலக் கோடு. அதனால் அளந்து ஊற்றுகிறார்கள், முன்பு கண்ணளவுக்கு ஊற்றுவார்கள். பி.எச். பேப்பர் வைத்து வாரம் ஒரு முறை பார்க்கிறோம், 9-ஐ ஒட்டியே நிற்கிறது, முன்பு 8-க்குப் பக்கத்தில் வந்துவிடும். டர்னிங் ஓடும்போது கதவு திறந்தால் வரும் அந்தப் புகை நன்றாகக் குறைந்திருக்கிறது.

அந்தத் தம்பியின் கை ஆறிவிட்டது. மருந்தும் போட்டான், நைட்ரில் கையுறையும் ஜாப் மாட்டும்போது மட்டும் போடுகிறான், ஓடும் மெஷினுக்குப் பக்கத்தில் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், எல்லாம் சேர்ந்துதான் ஆறியிருக்கும். ஆனால் நான்கு மாதமாகத் திரும்ப வரவில்லை. டைமரை யாராவது ஆஃப் செய்து வைத்தால் முதலில் எனக்குப் போன் செய்பவன் அவன்தான்.

இரண்டு ஷிஃப்ட் அல்லது ஒரு ஷிஃப்ட் ஓடுகிறவர்கள், பாட்டில் சோதனையில் கோடு தெரிகிறவர்கள், தைரியமாக வாங்கலாம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்றைக் குறைத்தது பெல்ட் ஜாயின்ட்டுக்காகவும் மோட்டார் மூடிக்காகவும்.

மூன்றாவது ஒன்றை விஎம்சிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன், அந்த டேங்க் ஆழம் என்பதால் 450 மில்லிமீட்டர் பெல்ட். நீளம் சொல்லும் முன் டேங்க் விளிம்பிலிருந்து அளவு எடுங்கள், அதுவும் தண்ணீர் ஊற்றிய காலையில் எடுக்காமல், மட்டம் மிகவும் இறங்கியிருக்கும் சனிக்கிழமை சாயங்காலம் எடுங்கள். கீழ் உருளை அந்த மட்டத்துக்குக் கீழே நாலு விரல் முங்க வேண்டும், அடியில் படிந்திருக்கும் சேற்றைத் தொடவும் கூடாது. முதல் முறை நான் நிறைந்த டேங்கில் அளவு எடுத்துவிட்டு, பிறகு பெல்ட்டை மாற்றி வாங்க வேண்டியதாயிற்று.